வாராவாரம் அதே மாமரத்தடி

ஆடி மாதத்து சனிக்கிழமை, மாலை நான்கு மணி. மதுரையிலிருந்து தென்காசி போகும் பேருந்து சேத்தூரில் நின்று கிளம்புகிறது. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. பாதிப் பேர் தோளில் துண்டு. எல்லாம் குற்றாலக் கூட்டம். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அருவி, அதற்கு முன்னால் வரிசை, அதற்கும் முன்னால் வண்டி நிறுத்த இடம் தேடும் படலம்.

அதே நேரத்தில் ராஜபாளையம் பக்கமிருந்து வந்த ஒரு ஸ்கூட்டரும் ஒரு மோட்டார் சைக்கிளும் சாலையை விட்டு மேற்கே திரும்புகின்றன. ஸ்கூட்டரின் முன்னால் தூக்குவாளி, பின்னால் சுருட்டிய கோரைப்பாய். மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்குப் பின்னால் அப்பத்தா, அவர் மடியில் ஒரு தண்ணீர் கேன். தென்னந்தோப்புகளைத் தாண்டி, தார்ச்சாலை மண்சாலையாக மாறுகிற இடத்தில் எதிரே சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடியில் ஒரு மாந்தோப்பு. பெரியப்பாவுக்குச் சொந்தமானது. இன்று ராத்திரி இவர்களுக்கு அங்கேதான் படுக்கை.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வேண்டாம். மலையடிவாரத்தில் சொந்தக்காரர் தோப்பு இருக்கிற எந்தக் குடும்பமாகவும் வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு நூற்பாலையில் கணக்கு வேலை, அம்மா பள்ளி ஆசிரியை, எட்டாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன். வாரம் முழுக்க ஓடிவிட்டு, வார இறுதியில் எங்கேயாவது போக வேண்டும் என்று நினைக்கிற எல்லாரையும் போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம்: இவர்கள் புதுப்புது இடம் தேடுவதில்லை. வாராவாரம் அதே இடம், அதே மரத்தடி.

இது ஒன்றும் புதுசு இல்லை

ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு பழக்கம் உண்டு. ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ உள்ள முகாமில் ஒரு துண்டு இடத்தை ஒரு பருவத்துக்கோ வருடத்துக்கோ வாடகைக்கு எடுத்துவிடுவார்கள். வண்டிவீட்டை அங்கேயே நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவார்கள். ரஷ்யாவில் 'தாச்சா'. சோவியத் காலத்தில் நகரத்துத் தொழிலாளர்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட தோட்டத் துண்டின் அளவு 600 சதுர மீட்டர், நம் கணக்கில் 15 சென்ட் போல. அதில் ஒரு சின்ன மரவீடு, நான்கு பாத்தி உருளைக்கிழங்கு. நார்வேக்காரர்களுக்கு மலையில் ஒரு குடில்.

நமக்கும் இது பழகிய விஷயம்தான். சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் தினை விளைகிற காலம் மட்டும் பரண் கட்டிக் காவல் இருப்பது ஒரு வாழ்க்கை முறை. கதிர் அறுத்ததும் பரணை விட்டு இறங்கிவிடுவார்கள். இன்றைக்கும் மாந்தோப்புகளில் காய் பிடித்ததிலிருந்து அறுவடை வரை காவல்காரர்கள் குடிசை போட்டுத் தங்குகிறார்கள். மலையடிவாரத்தின் உண்மையான பருவ முகாம் அதுதான். ஐயனார் கோவிலுக்கும் சாஸ்தா கோவிலுக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய் ஆற்றங்கரையில் பகல் முழுக்க இருந்துவிட்டு வருவதும் ராஜபாளையம், சேத்தூர் வட்டாரத்துக்கு எத்தனையோ தலைமுறைப் பழக்கம்.

ஆக, விஷயம் பழையது. மறந்துபோனது ஒன்றே ஒன்றுதான். பருவம் என்றால் போகிற மாதங்கள் மட்டுமல்ல, போகாத மாதங்களும் சேர்ந்ததுதான்.

அதே இடத்துக்குத் திரும்பப் போவதில் என்ன இருக்கிறது?

முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். "இங்க என்னம்மா இருக்கு? ஒரு ஊஞ்சல்கூட இல்ல" என்றான் மகன். செல்போனில் சிக்னலும் ஒரு கோடுதான்.

மூன்றாவது வாரம் அவனே மரங்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தான். பஞ்சவர்ணம், சப்பட்டை என்று மாமர வகைகளின் பெயர்களைக் காவல்காரத் தாத்தாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டான். ஐந்தாவது வாரம், உச்சிக்கிளையில் இலையும் குச்சியுமாக ஒரு பெரிய உருண்டையைக் காட்டி, "போன தடவை இது இல்ல" என்றான்.

அது சாம்பல் நிற மலை அணிலின் கூடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிற விலங்கு. உடம்பு எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு நீளத்துக்கு வால். இதைக் காப்பதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கிளையோடு கிளை தொடுகிற மரங்கள் இருந்தால்தான் தரையில் இறங்காமல் இது மரம் விட்டு மரம் போக முடியும். அதனால் காட்டை ஒட்டிய பழைய தோப்புகளும் இதற்கு வீடுதான்.

ஒரு தடவை மட்டும் வந்துபோகிறவருக்கு இது வெறும் குப்பை உருண்டை. 'போன வாரம் இல்லை' என்று சொல்வதற்கு, போன வாரமும் வந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வருவதன் லாபம் இதுதான்.

சாயங்காலம் பெரிதாக எந்த நிகழ்ச்சியும் கிடையாது. கயிற்றுக் கட்டில்களை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, கொசுவலை கட்டுவது அப்பாவின் வேலை. மூன்று கல் வைத்து அடுப்பு. வீட்டிலிருந்து வந்த புளியோதரையும் எலுமிச்சை சாதமும் இருக்கும். இங்கே சமைப்பது ரசமும் சுட்ட அப்பளமும் மட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு பொட்டலம் உண்டு. இருட்டியதும் காற்று இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் முகட்டைத் தாண்டி வருவது குளிர்ந்த காற்றும் எப்போதாவது நாலு துளிச் சாரலும்தான்.

அந்த நேரத்தில் அப்பத்தா பேச ஆரம்பிப்பார். சேத்தூர் ஜமீன் கதை, அந்தக் காலத்துப் பஞ்சம், தாத்தாவுக்கும் தனக்கும் நடந்த முதல் சண்டை. வீட்டில் தொலைக்காட்சி முன்னால் ஒருநாளும் வராத பேச்சு. எட்டாவது படிக்கும் பேத்தி அப்பத்தாவின் இளமைக்காலத்தை முதன்முதலாகக் கேட்டது இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான்.

மலையின் காலண்டர்

"அப்போ வருஷம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்க படுக்கலாமா?" என்று மகள் கேட்டாள்.

காவல்காரர் சிரித்துவிட்டார். "அது நம்ம கையில இல்ல பாப்பா."

அவர் சொன்ன கணக்கைப் பள்ளி நோட்டில் மகள் எழுதி வைத்திருக்கிறாள். அதன் சாரம் இது.

மார்கழி, தை: மாமரம் பூக்கிற காலம். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் மிச்சமிருக்கும், ராத்திரி குளிரும். தங்குவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

மாசி தொடக்கத்திலிருந்து பங்குனி முடிய: புல் காய்ந்து சருகாகிவிடும். ஒரு தீப்பொறி போதும். காட்டுத்தீக்குப் பயந்து வனத்துறை மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவைக்கிற காலம். 2018 மார்ச் 11 அன்று பக்கத்துத் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதில் 23 உயிர்கள் போயின. இந்த நாட்களில் மலையடிவாரத்தில் அடுப்பு மூட்டுவது என்ற பேச்சே கூடாது. பகலில் வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

சித்திரை, வைகாசி, ஆனி: மாம்பழக் காலம். மனிதனுக்கு மட்டுமல்ல. பழுத்த பலாவும் மாவும் வாசம் பரப்ப, யானைகள் இறங்குகிற காலம். பகலில் வந்து பழம் தின்னலாம், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

ஆடி, ஆவணி: காற்றுக் காலம். அறுவடை முடிந்து தோப்பு காலி. மறுபடியும் கட்டில் போடலாம்.

புரட்டாசி கடைசியிலிருந்து கார்த்திகை வரை: வடகிழக்குப் பருவமழை. இந்த மலைச்சரிவுக்கு வருடத்தின் முக்கியமான மழை இப்போதுதான். சேத்தூர், தேவதானம் பக்கத்து ஓடைகளும் சாஸ்தா கோவில் அணைக்கு வருகிற நகரையாறும் நிறைவது இந்த மழையில்தான். பார்க்க அழகு. தங்க ஆபத்து.

கூட்டிப் பார்த்தால், 52 வாரத்தில் ராத்திரி தங்குவதற்குத் தோதானது 18 வாரம் போலத்தான். முதலில் மகளுக்கு ஏமாற்றம். பிறகு அந்த 18 வாரமும் காலண்டரில் சிவப்பு வட்டம் ஆகிவிட்டது.

அந்த ஐப்பசி சனிக்கிழமை

போகாத வாரத்தின் அருமை புரிந்தது ஒரு ஐப்பசியில். ஊரில் மூன்று நாளாக நல்ல வெயில். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. "ஒரே ஒரு ராத்திரி" என்று பிள்ளைகள் கெஞ்ச, அப்பா இளகிவிட்டார். ஓடைக்கரையில் மணல் மேட்டில் பாய் விரித்தாயிற்று.

ஆறு மணிக்குக் காவல்காரர் வந்தார். மலையைப் பார்த்தார். முகட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இன்னைக்கு இங்க வேண்டாம். பாயச் சுருட்டுங்க."

"இங்கதான் மழையே இல்லையே அண்ணாச்சி?"

"இங்க பெய்யுறது முக்கியமில்ல. மேல விழுகுது."

மனமே இல்லாமல் பாயைச் சுருட்டினார்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தோப்பின் மேட்டில் வண்டியைக் கிளப்பும்போது ஓடைப்பக்கம் லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம். சித்தப்பா டார்ச் அடித்தார். பாய் விரித்த மணல் மேட்டைக் காணோம். கலங்கிய தண்ணீரும், அதில் உருண்டு போகிற ஒரு மரக்கட்டையும்தான் தெரிந்தன. கீழே இன்னும் ஒரு துளி மழைகூட விழுந்திருக்கவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மலை சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மிகச் செங்குத்தாக இறங்குகிறது. பாறை தண்ணீரைக் குடிக்காது. மேலே கொட்டிய மழை கொஞ்ச நேரத்தில் கீழே வந்து சேர்ந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்ததும், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் பலியானதும் இப்படித்தான். இரண்டுமே மே மாதம் என்பதைக் கவனியுங்கள். மழைக்காலம் இல்லாவிட்டாலும் கோடைமழை போதும்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. அப்பத்தா மட்டும், "வெயில் அடிக்குதேன்னு நம்பி விரிச்சோம் பாரு" என்றார்.

ஒரு அறை கட்டிவிடலாமா?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு யோசனை வந்தது. பெரியப்பாவிடம் பேசி மேட்டில் இரண்டு சிமென்ட் அறை கட்டிவிடலாம். சுற்றி வேலி, நாலு பெரிய விளக்கு. தாங்கள் வராத நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டால் செலவும் தேறும். பெரியப்பாவுக்கும் ஆசைதான். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். குத்தகைப் பணம் தோப்பைப் பராமரிக்கவே சரியாகப் போகிறது. இந்தப் பக்கம் வராவிட்டால் விற்றுவிடலாம் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்துத் தோப்புகள் பலவற்றின் முன்னால் நிற்கிற கேள்வி இது. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் ஐந்தாவது, இந்தியாவில் 51-வது. அதன் ஓரத்தில்தான் இந்தத் தோப்புகள். யானைக்குப் பட்டா எல்லை தெரியாது. ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தேடுகிற விலங்கு, தன் தாய் நடந்த வழியிலேயே நடக்கும். அந்த வழியில் விளக்கும் வேலியும் வந்தால் பக்கத்துத் தோப்பில் நுழையும். அங்கே தென்னங்குருத்து போகும். அந்த விவசாயியின் கோபம் யார் மேல் திரும்பும்? வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பி வேலியில் பாய்ச்சுகிற கொடுமையில் யானையும் சாகிறது, சில நேரம் மனிதனும் சாகிறான். அதனால்தான் மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது.

முடிவு அப்பத்தாவிடம் போனது. "நாம வாரத்துக்கு ஒரு நாள் வாரோம். மத்த ஆறு நாளும் அது யாரு இடம்?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

அறை கட்டவில்லை. அதற்குப் பதிலாக அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பெரியப்பாவுக்கு வருடத்துக்கு ஒரு தொகை தருகிறார்கள். காவல்காரரின் சம்பளத்தில் ஒரு பங்கும் அவர்களுடையது. கழற்றி மடிக்கிற ஒரு கூடாரம், நாலு கயிற்றுக் கட்டில், ஒரு தகரப் பெட்டி. சீசன் முடிந்தால் எல்லாம் பெட்டிக்குள் போய் வீட்டுக்கு வந்துவிடும். தோப்பை விற்கிற பேச்சு இப்போதைக்கு இல்லை. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா மட்டும் போன தை மாதம் தானே ஒரு கட்டில் கேட்டு வந்து படுத்தார்.

நீங்களும் தொடங்க நினைத்தால்

● பட்டா நிலமா, காட்டு நிலமா என்று முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாஸ்தா கோவில் போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் நேரத்துக்குள் மட்டும் போய் வாருங்கள். மலையேற ஆசை என்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன; வழிகாட்டியும் கூட வருவார்.

● தோப்பு சொந்தக்காரருடையது என்றாலும் காய் குத்தகைக்காரருடையது. ஒரு காய் வேண்டுமென்றாலும் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

● ஓடைக்கரையில், மணல் திட்டில் ஒருபோதும் படுக்காதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சாமான்களை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.

● தரையில் பாய் விரிப்பதைவிடக் கட்டில் நல்லது. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிவிடுங்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பகலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

● புதரில் உட்காராதீர்கள். குளிர்மாதங்களில் பூச்சிக்கடியால் 'ஸ்க்ரப் டைபஸ்' காய்ச்சல் வரும். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சிகரெட்டால் சுட்ட மாதிரி உடம்பில் கருப்பாகப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். தோப்பில் தங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

● பலாப்பழம், வெல்லம், மீந்த சோறு எதையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள். யானை வந்தால் படம் எடுக்காதீர்கள், பட்டாசு போடாதீர்கள். காவல்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

● கொண்டுபோன பிளாஸ்டிக் பை எல்லாம் திரும்பி வர வேண்டும். போகும்போது எண்ணுங்கள், வரும்போதும் எண்ணுங்கள்.

● சொந்தத் தோப்பு இல்லை என்று வருத்தம் வேண்டாம். மாமா வீட்டு வயல், நண்பரின் கிணற்றடி, ஊர்க்கோடிக் கண்மாய்க்கரை, எதுவாகவும் இருக்கலாம். ராத்திரி தங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. வெயில் ஏறுவதற்குள் கட்டில்களை மடக்கி, அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றியாயிற்று. மகன் மட்டும் மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறான். உச்சிக்கிளையிலிருந்து நீளமான வால் ஒன்று தொங்குகிறது.

"அடுத்த வாரம் வருவோம்னு சொல்லிட்டு வாடா, நேரமாச்சு" என்கிறார் அம்மா.

அவன் விரல் விட்டு எண்ணுகிறான். "இன்னும் அஞ்சு வாரம்தாம்மா. அப்புறம் மார்கழிக்குத்தான்."